நாணயத்தை மேலே தூக்கிக் காட்டும் நீர்

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, கிண்ணத்தின் விளிம்பு அதை மறைக்கும் வரை தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல், வேறொருவரை மெதுவாக நீர் ஊற்றச் சொன்னால், மறைந்திருந்த நாணயம் விளிம்புக்கு மேல் எழுந்து கண்ணில் படும். நாணயம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒளிதான் நீரைவிட்டுக் காற்றில் நுழையும்போது திசைமாறி நம் கண்ணை அடைகிறது. இதையே ஒளிவிலகல் என்கிறோம். எட்டடி ஆழமுள்ள தெளிந்த குளம், நேர் மேலிருந்து பார்க்கும்போதுகூட ஆறடியாகத்தான் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் ஆழம் இன்னும் குறைவாகத் தோன்றும். நீச்சல் அறியாத பிள்ளைகள் கண்ணை நம்பிக் குளத்தில் இறங்குவதைக் காணும்போதெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றுகிறது.

ஒளி திசைமாறுவதற்குக் காரணம் அதன் வேகம் மாறுவதே. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் 2.25 லட்சமாகவும் கண்ணாடியில் சுமார் 2 லட்சமாகவும் வைரத்தில் 1.24 லட்சமாகவும் தளர்கிறது. வெற்றிட வேகத்தை ஊடகத்தில் உள்ள வேகத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த ஊடகத்தின் ஒளிவிலகல் எண். நீருக்கு அது 1.33, வைரத்துக்கு 2.42.

வேகம் குறைந்தால் திசை ஏன் மாற வேண்டும்? தார்ச்சாலையிலிருந்து மணலுக்குள் சாய்வாக இறங்கும் மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். மணலை முதலில் தொடும் சக்கரம் தளர்ந்துவிட, மற்றது பழைய வேகத்திலேயே உருள்வதால் வண்டி மணல் பக்கமாகத் திரும்பிவிடுகிறது. நேராக இறங்கும் வண்டிக்கோ இரு சக்கரங்களும் ஒன்றாகத் தளர்வதால் திருப்பம் இல்லை. ஒளியலையின் முகப்பும் இப்படியே, நீரை முதலில் தொட்ட முனை பின்தங்குவதால் திரும்புகிறது. செங்குத்துக் கோட்டுக்கு 45 பாகை சாய்வில் நீரில் விழும் கதிர் உள்ளே 32 பாகையில் செல்லும். இக்கோணங்களின் சைன் மதிப்புகளுக்கு இடையே மாறாத விகிதம் உண்டென்று 1621-இல் நெதர்லாந்தின் ஸ்நெல் கண்டார். பாரசீக அறிஞர் இப்னு சஹ்ல் 984-இலேயே அதை அறிந்திருந்தார்.

ஒளியைத் துகள்களாகக் கருதிய நியூட்டன், நீர் அவற்றை ஈர்ப்பதால் நீருக்குள் ஒளி விரைவாகச் செல்லும் என்று கொண்டிருந்தார். அதே வளைவை அவர் கணக்கும் விளக்கிவிடுவதால், வேகத்தை அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. 1850-இல் பாரிசில் இயற்பியலாளர் ஃபூக்கோ, சுழலும் முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு, நீரில் ஒளி மெதுவாகவே செல்கிறது என்று காட்டினார். இயற்பியலில் நான் மிகவும் மதிக்கும் சோதனைகளுள் இது ஒன்று.

தளர்வது ஏன் என்றால், ஒளியின் மின்புலம் பொருளின் எலக்ட்ரான்களை அசைக்க, அசையும் எலக்ட்ரான்களும் தம் பங்குக்கு அலைகளை எழுப்ப, இரண்டும் கலந்த அலையே பின்தங்கி நகர்கிறது. எனவே இரு பொருள்களில் வேகம் ஒன்றாக இருந்தால் அவற்றின் எல்லையில் ஒளி வளையாது, எதிரொளிக்கவும் செய்யாது. ஆய்வகங்களில் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடிக்கும் கிளிசரினுக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. அக்கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் நிறுத்தினால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி பளிச்சென்று தெரிய, முங்கிய பகுதி இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோகிறது.