கார் வந்தபின் வீட்டில் என்ன மாறியது?

கோவையில் நிதி ஆலோசகராக இருக்கும் நான், கார் வாங்கி ஓராண்டு முடிந்தவர்களிடம் "காரில் திருப்தியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அநேகமாக எல்லோரும் "திருப்திதான்" என்கிறார்கள். அந்தப் பதில் மைலேஜையும் ஏசியையும் பற்றியதே தவிர, கார் வந்தபின் வீட்டாரின் வாழ்க்கை மேம்பட்டதா என்பதைப் பற்றியதல்ல.

நுகர்வோர் நலனை ஆராய்ந்த ஜோசப் சர்ஜி போன்றோர், வாகனம் ஒருவரின் பாதுகாப்பு, பொருளாதாரம், குடும்பம், சமூக மதிப்பு போன்ற தேவைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்று தனித்தனியே கேட்டு அளந்தார்கள். நான் அதை ஒரு சாதாரண நோட்டில் செய்யச் சொல்கிறேன். முப்பது நாள், பயணத்துக்கு ஒரு வரி: எங்கே போனோம், யார் யார் போனோம், எத்தனை கிலோமீட்டர், கார் இல்லாவிட்டால் எப்படிப் போயிருப்போம்.

ஒரு குடும்பத்தின் நோட்டில் மாதம் முழுவதும் 300 கிலோமீட்டர்தான் இருந்தது. 8 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஏழாண்டுத் தவணை மாதம் சுமார் 12,870 ரூபாய் என்பதால், பெட்ரோலுக்கு முன்பே கிலோமீட்டருக்கு 43 ரூபாய் ஆகிறது. காப்பீட்டுக் கணக்கில் ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பு பாதியாகிவிடும். தவணையோ அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் ஓடும். கணவர் "பெருமையாக இருக்கிறது" என்றார். குடும்பத்தின் முதல் கார் தரும் அந்தப் பெருமையும் உண்மையான தேவைதான். அதை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் மனைவியைத் தனியே எழுதச் சொன்னபோது, "5ஆம் தேதித் தவணைக்காக நகைச்சீட்டை நிறுத்தினேன்" என்று எழுதியிருந்தார். வீட்டில் ஒருவரை மட்டும் கேட்டு நலனை அளக்கக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொரு குடும்பம் வைத்திருந்தது பழைய கார். வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகும் அம்மாவைப் பற்றி, "திரும்பும்போது பின் சீட்டில் படுத்துக்கொண்டு வந்தார்" என்ற வரி அந்த நோட்டில் எட்டு முறை வந்திருந்தது. அவர்களும் மாதம் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவில்லை. கிலோமீட்டரை மட்டும் கணக்கிட்டிருந்தால் இரு கார்களும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

இப்போது கார் வாங்க நினைப்பவர்களையும், வாங்கும் முன்பே ஒரு மாதம் இதே நோட்டை எழுதச் சொல்கிறேன்: கார் இல்லாததால் எந்தெந்த நாளில் போகாமல் நின்றீர்கள், யார் வர முடியாமல் வீட்டிலேயே இருந்தார்கள்.