மைக்கோபாக்டீரியம்: பெயரில் பூசணம், தமிழில் இருமல்

மதினி போன் பண்ணியபோது குரலே சரியில்லை. ஏழு வயதுப் பையனுக்கு வலது கையில் ஒன்றரை மாதமாகக் கட்டி. நடுவிரல் முட்டியில் பட்டாணி அளவில் ஊதா கலந்த சிவப்பாக ஒன்று. அங்கிருந்து முழங்கைப் பக்கமாக மணி கோத்த மாதிரி இன்னும் மூன்று. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. சிரங்கு என்று பூசிய களிம்புக்கு அசையவில்லை. கடைசியில் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சீட்டில் 'நான் டியூபர்குலஸ் மைக்கோபாக்டீரியா' (non-tuberculous, அதாவது 'காசநோய் அல்லாத') என்று வந்திருந்தது.

மதினி கண்ணில் பட்டது 'டியூபர்குலஸ்' மட்டும்தான். "தோப்பூருக்குக் கூட்டிட்டுப் போகணுமா தம்பி?" என்றார். மதுரைப் பக்கம் தோப்பூர் என்றாலே காசநோய் ஆஸ்பத்திரிதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது, பெயரே குழப்பம் பிடித்தது. மைக்கோபாக்டீரியம் என்பது காசநோய்க் கிருமியும் அடங்கிய ஒரு கிருமிக் கூட்டம். 'மைகெஸ்' என்றால் கிரேக்கத்தில் பூஞ்சை. 'பாக்டீரியோன்' சின்னக் குச்சி. சேர்த்தால் பூசணக் குச்சி! 1896-இல் லெமன், நாய்மன் என்ற இருவர் வைத்த பெயர். காசநோய்க் கிருமியைத் திரவத்தில் வளர்த்தால், ஊறுகாய்ச் சாடியில் பூசணம் பூத்த மாதிரி மேலே படலம் கட்டும். அதைப் பார்த்து வைத்தார்கள். பூஞ்சைக்கும் இதற்கும் உறவே கிடையாது.

'டியூபர்கிள்' என்பது லத்தீன். சின்னக் கட்டி, புடைப்பு என்று பொருள். நம் 'காசம்' வடமொழியிலிருந்து வந்தது, பொருள் இருமல். ஆக அவர்கள் கட்டியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் இருமலைக் கேட்டு வைத்தோம். நம் பையனோ ஒருநாள்கூட இருமவில்லை; கையில் இருப்பது முழுக்கக் கட்டி. சீட்டோ 'கட்டி அல்லாத' என்கிறது!

'காசநோய் அல்லாத' என்ற நேர் மொழிபெயர்ப்பிலும் ஓட்டை உண்டு. தொழுநோய்க் கிருமியும் மைக்கோபாக்டீரியம்தான். அது காசநோய் தருவதில்லை. ஆனாலும் மருத்துவ வழக்கில் அதை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. மிச்சமுள்ளவை மண்ணிலும் தண்ணீரிலும் குழாய்ப் பாசியிலும் வாழ்பவை. அதனால் 'சூழல்வாழ் மைக்கோபாக்டீரியா' என்பதே எனக்குப் பிடித்த சொல். எது இல்லை என்பதை விட்டுவிட்டு, எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 'மைக்கோ'வைத் தமிழாக்கப் போனால் மறுபடி பூசணத்தில்தான் போய் விழ வேண்டும். அது அப்படியே இருக்கட்டும்.

பழைய ஆட்கள் கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லாக்கினார்கள். கழுத்தில் நெறி கட்டி வரிசையாக வீங்கினால் கண்டமாலை. கண்டம் என்றால் கழுத்து. காசநோயாலும் அது வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சூழல்வாழ் கிருமிகளாலும் வரும்.

தோலில் வருவதற்குக் காரணமான இனங்கள் சில. ஃபார்ச்சுயிட்டம், கெலோனே, அப்செஸ்ஸஸ் மூன்றும் காயத்திலோ சுத்தமில்லாத ஊசி வழியோ புகுந்து, வாரக்கணக்கில் கழித்துச் சீழ்க்கட்டியாகும். பையனுக்கு வந்தது மரைனம். 1926-இல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த கடல்மீன்களில் கண்டுபிடித்தது. அதற்குச் சுமார் 30 டிகிரிதான் பிடிக்கும். உடம்பின் 37 டிகிரி ஒத்துவராது. குளிர்ச்சியான கை கால்களில் அது தங்குவது இதனால்தான். சோதனைச்சாலையில் வழக்கமான 37-இல் மட்டும் வளர்க்கப் பார்த்தால் சிக்காமலே போகலாம்.

நுண்ணோக்கிச் சாயத்தில் காசநோய்க் கிருமி மாதிரியே இதுவும் சிவப்புக் குச்சியாகத் தெரியும். அதை வைத்தே காசநோய் என்று முடிவுகட்டினால், மருந்தும் தப்பாகப் போகலாம். இனத்துக்கு இனம் மருந்து வேறு. சில மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

இவ்வளவையும் மதினியிடம் சொல்லவில்லை. "இது தண்ணிக் கிருமி மதினி, டிபி இல்லை. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப அந்த மீன்தொட்டியை இனிமே யாரு கழுவுறது?"