சொல் விளக்கம்: பிரதித்தடை

‘கொப்பி புரொடெக்‌ஷன்’ என்று ஆங்கில வழியாக நம்மிடையே வழங்கும் கலைச்சொல், ஒரு வட்டில் உள்ள பாடலையோ படத்தையோ மென்பொருளையோ இன்னொரு வட்டுக்கு மாற்றி எழுத இயலாதபடி, அல்லது எழுதினாலும் அது இயங்காதபடி, வட்டிலும் கருவியிலும் முன்கூட்டியே செய்து வைக்கப்படும் ஏற்பாட்டைக் குறிக்கிறது. 1980களில் வீட்டுக் கணினிகளுக்கான நெகிழ்வட்டுகளோடு பரவலான இச்சொல், பின்னர் இறுவட்டுக்கும் டிவிடிக்கும், அழித்து அழித்து எழுதத்தக்க வட்டுகளுக்கும் வந்து சேர்ந்தது. மலையகத்தில் இதனைப் பெரும்பாலோர் முதன்முதலில் அறிந்தது ஏதோ ஒரு கருவியின் திரையில் தோன்றிய மறுப்புச் செய்தியாகத்தான் இருக்கும்.

சொல்லின் முன்பாதி பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் ‘கோப்பியா’ ஆகும். மிகுதி, நிறைவு என்பது அதன் முதற்பொருள். ஏடொன்றைப் பார்த்து எழுதிப் பெருக்குவதையும், அவ்வாறு எழுதப்பட்ட ஏட்டையும் இடைக்கால இலத்தீன் இச்சொல்லாலேயே குறித்தது. பின்பாதியின் வேர், முன்னே நின்று மூடுதல் என்னும் பொருளுடையது. இரண்டையும் சேர்த்தவர்கள், பிரதியை மூடிக் காக்கிறோமா, பிரதியெடுப்பாரிடமிருந்து வேறொன்றைக் காக்கிறோமா என்பதைத் தொடருக்குள் சொல்லவில்லை. வணிகர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. ‘காப்பு’ என்ற சொல் காதில் விழும்போது யாரும் தமக்கு ஏதோ மறுக்கப்படுகிறது என்று எண்ணுவதில்லை.

தமிழில் இதனை ‘நகல் பாதுகாப்பு’ என்று எழுதுவோர் உளர். நகல் என்பது பெயர்த்தல், எடுத்தெழுதுதல் ஆகிய பொருள்களையுடைய அரபுச் சொல். ‘அசல்’ என்பதன் இணையாகத் தமிழுக்கு வந்தது. இலங்கையில் அது வரைவையும் குறிப்பதால் அரசியலமைப்பின் வரைவைக்கூட நகல் என்றே எழுதுகிறோம். அந்தக் குழப்பத்தைப் பொறுத்துக்கொண்டாலும், ‘நகல் பாதுகாப்பு’ என்னும் தொடரைத் தமிழ்க் காது நகலைப் பாதுகாத்தல் என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவே விரித்துக்கொள்ளும். நகலெடுப்பிலிருந்து பாதுகாத்தல் என்று ஐந்தாம் வேற்றுமையில் விரிக்க ஒரு விளக்கவுரை வேண்டும். பூஞ்சணம் பிடித்த கல்யாண வீடியோவுக்கு இன்னொரு பிரதி போட்டு வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு உண்மையில் வேண்டியது நகலின் பாதுகாப்பு. நாம் பேசும் தொழினுட்பமோ அதனை நேர் எதிராக நின்று மறுக்கிறது. செயலுக்கு மாறான பெயரைக் கலைச்சொல்லாக ஏற்க இயலாது.

பேச்சு வழக்கில் இருக்கும் ‘கொப்பி’ உதவுமா என்றால், அதுவும் இடறுகிறது. “அண்ணே, இத ரெண்டு கொப்பி போட்டுத் தாங்க” என்று ஸ்டூடியோவில் கேட்கும் அதே வாய், பிள்ளைக்கு நாற்பது தாள் கொப்பி வாங்கவும் அச்சொல்லையே பயன்படுத்துகிறது. ‘படி’ என்னும் சொல் கல்வெட்டாய்வாளர் கையில் நன்றாக வழங்குகிறது. கல்வெட்டைப் படியெடுத்தல் என்பது நிலைபெற்ற தொடர். ஆயினும் அதனைச் சுருக்கிப் ‘படித்தடை’ என்றாக்கினால், தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் சம்பளத்தோடு சேரும் படியை நிறுத்திவிட்டார்களோ என்று கலங்கக்கூடும். ‘படியெடுப்புத் தடை’ என்று முழுமையாக எழுதினால் குற்றமில்லை. அன்றாட வழக்குக்கு ‘பிரதித்தடை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பிரதி வடசொல்தான், ஆனால் ஏட்டுப்பிரதி, மூலப்பிரதி, உண்மைப் பிரதி என்று பதிப்பாசிரியர் முதல் கிராம உத்தியோகத்தர் வரை எல்லோரும் ஐயமின்றி ஆளும் சொல். ‘தடை’ என்பது செய்வதைச் செய்வதாகவே சொல்லுகிறது.

இனி, இத்தடை மீளெழுதத்தக்க வட்டில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1997இல் வந்த சிடி-ஆர்டபிள்யூவிலும் 1999இல் யப்பானில் பயனீர் வெளியிட்ட டிவிடி-ஆர்டபிள்யூவிலும் உள்ள உலோகக் கலவைப் படலம், சீரொளியின் (லேசர்) வெப்பத்தால் படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறிச் செல்லக்கூடியது. அதனால் ஏறத்தாழ ஆயிரம் தடவை அழித்து எழுதலாம். இத்தகைய வட்டு எந்த வீட்டையும் பதிவகமாக மாற்றிவிடும் என்று இசை, திரைப்பட நிறுவனங்கள் அஞ்சின. ஆகவே வீட்டு இசைப்பதிவுக் கருவிகளில், மூலத்திலிருந்து ஒரு தலைமுறைப் பிரதி எடுக்கலாம், அப்பிரதியிலிருந்து மறுபிரதி எடுக்க இயலாது என்னும் குறியீட்டு முறை புகுத்தப்பட்டது. அக்கருவிகள் கணினிக்கான மலிவு வட்டுகளை ஏற்காமல், ‘இசை’ வட்டு என்று தொழிற்சாலையிலேயே குறியிடப்பட்ட விலை கூடிய வட்டுகளை மட்டுமே ஏற்றன.

டிவிடியில் தடை இன்னும் ஆழமாகச் சென்றது. ஐபிஎம், இன்டெல், மட்சுஷிதா, தோஷிபா ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய சிபிஆர்எம் என்னும் முறையில், ஒவ்வொரு வெற்று வட்டின் உள்வளையத்திலும் வேறெந்த வட்டுக்கும் இல்லாத 64 பிட் அடையாள எண் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படுகிறது. பதிவாகும் நிகழ்ச்சி அவ்வெண்ணோடு பிணைத்து மறைகுறியாக்கப்படுவதால், ஒரு பிட்டும் பிசகாமல் அதனை வேறொரு வட்டுக்கு மாற்றினாலும் புதிய வட்டின் எண் வேறு என்பதால் படம் திறக்காது. யப்பானில் 2004 ஏப்ரல் முதல் எண்முறைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ‘ஒரு முறை மட்டும்’ என்ற குறியோடு ஒளிபரப்பப்பட்டன. ரெக்கோடரின் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்த நாடகத்தை வட்டுக்கு மாற்றினால் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது அழிந்துவிடும். வட்டிலிருந்து திரும்பவும் எடுக்க வழியில்லை. பயனாளர் முறைப்பாடுகளுக்குப் பின் 2008 யூலையில், ஒன்பது பிரதிகளும் பத்தாவதாக ஓர் இடமாற்றமும் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆயிரம் தடவை அழித்தெழுதலாம் என்று விற்கப்பட்ட வட்டில், அழிப்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இருந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

யப்பானியத் தொலைக்காட்சி நமக்கு எட்டாதது. ஆனால் அதே தலைமுறைக் கருவிகள் இங்கும் வந்தன, அவற்றின் ஐயக்குணமும் கூடவே வந்தது. மலையக வீடுகளைப் பெரிதும் பாதித்தது பழைய வீஎச்எஸ் கசெட்டை டிவிடி ரெக்கோடரில் மாற்றும்போது எழும் தடை. கடைகளில் விற்ற திரைப்படக் கசெட்டுகளில், 1980களின் நடுப்பகுதியிலிருந்து, படத்தின் கண்ணுக்குத் தெரியாத மேற்கோடுகளில் மக்ரோவிஷன் என்னும் துடிப்புகள் சேர்க்கப்பட்டன. பதிவுக் கருவி அவற்றைப் படத்தின் வெளிச்சமாகக் கொண்டு ஏமாறுவதால், பிரதி ஒருகணம் வெளிறி ஒருகணம் இருளும். பிற்கால டிவிடி ரெக்கோடர்கள் இத்துடிப்பைக் கண்ட மாத்திரத்தில் பதிவையே நிறுத்திவிடுமாறு அமைக்கப்பட்டன. சிக்கல் என்னவெனில், நுவரெலியாவின் ஈரத்தில் வருடக்கணக்காக அலுமாரிக்குள் கிடந்து, ஓரம் சுருங்கி, வெண்பூஞ்சணம் படர்ந்த நாடாவின் சமிக்ஞையும் அதே இடத்தில் நிலைகுலைந்து துடிக்கும்; அதனையும் மக்ரோவிஷன் என்றே கருவி கருதிவிடுகிறது. லயத்து வாசலில் பந்தல் போட்டு நடந்த சாமத்தியச் சடங்கோ, மாசியில் தோட்டத்தில் ஆடிய காமன் கூத்தோ, எந்தத் திரைப்பட நிறுவனத்தின் பதிப்புரிமைக்கும் உட்படாத அந்தக் காட்சி, பதிப்புரிமையின் பெயரால் பாதியில் நிற்கிறது. வீட்டாரோ டிவிடி வட்டில்தான் கோளாறு என்று எண்ணி இன்னொன்று வாங்கி வருகின்றனர்.

இதற்கு ஸ்டூடியோக்காரர் கையாளும் வழி நேர்மையானது. கசெட் கருவிக்கும் ரெக்கோடருக்கும் இடையில், ஒவ்வொரு கோட்டின் நேரத்தையும் புதிதாக ஒழுங்குபடுத்தித் தரும் நேரத்திருத்தி ஒன்றை இணைத்தால், நிலைகுலைந்த துடிப்புகள் நீங்கிச் சமிக்ஞை சீராகும். அது ஒளிபரப்பு நிலையங்களில் வழமையாக இருக்கும் கருவியே. பூட்டு உடைக்கவென்று செய்யப்பட்டதன்று. இந்த வேறுபாடு சட்டத்திலும் பொருளுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாகப் பெற்ற வெளியீட்டிலிருந்து தனியாள் ஒருவர் தன் சொந்தத் தேவைக்கென ஒரே ஒரு பிரதி எடுப்பதைப் பொதுவாக அனுமதிக்கிறது; பிரதித்தடையை முறிப்பதற்கென்றே வடிவமைத்த சாதனங்களை விற்பனைக்காகச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஒரு கையால் கொடுத்த உரிமையை மறு கை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

பிரதித்தடையோடு கலந்து பேசப்படும் சில ஏற்பாடுகளைப் பிரித்தறிய வேண்டும். கசெட்டின் முதுகில் உள்ள பிளாஸ்ரிக் நாக்கை உடைத்துவிடுவது எழுத்துத்தடை. அது உள்ளதன் மேல் வேறொன்று பதியாமல் காப்பது, பிரதியெடுப்பதைத் தடுப்பதன்று. கல்யாணத்துக்குப் பின் ஸ்டூடியோவில் ‘வட்டை குளோஸ் பண்ணிட்டோம்’ என்பது பதிவு நிறைவு மட்டுமே. அதனால் மற்றக் கருவிகளில் வட்டு ஓடுகிறது, பிரதியும் எடுக்கலாம், டிவிடி-ஆர்டபிள்யூ ஆயின் அழித்து மீண்டும் எழுதவும் செய்யலாம். யப்பானிலிருந்து ரீகண்டிஷன் வானோடு வந்த டிவிடி கருவி, இந்தியாவில் வாங்கிய வட்டை விழுங்கிவிட்டு, சாரதிக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ காட்டித் துப்புகிறதே, அது வலயத்தடை, அதாவது உலகை வலயங்களாகப் பிரித்து ஒரு வலயத்தின் வட்டு இன்னொரு வலயத்தின் கருவியில் ஓடாதபடி செய்வது: கருவி 2ஆம் வலயத்தது, வட்டில் இருப்பது 5. அவ்விடத்தில் சாரதி வட்டைச் சாரத்தின் முனையால் எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. இம்மூன்றையும் பிரதித்தடை என்று எழுதலாகாது. தடையுள்ள வட்டைப் ‘பிரதித்தடை வட்டு’ என்றும், கருவி காட்டும் மறுப்பைப் ‘பிரதித்தடைச் செய்தி’ என்றும், பழைய நாடாவைக் கண்டு கருவி மயங்குவதைப் ‘பொய்த்தடை’ என்றும் வேறுபடுத்தி எழுதலாம்.