கார் கீறல் எங்கே போகிறது?

காரைக் கழுவும்போது கதவில் இருந்த மெல்லிய கீறல் காணாமல் போகும். தண்ணீர் காய்ந்ததும் அதே இடத்தில் அதே வெள்ளைக் கோடு திரும்ப வந்து நிற்கும். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கீறலைப் போக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

காரின் நிறத்தை நம் விரல் தொடுவதே இல்லை. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு நன்றாக ஒட்டுவதற்கான ப்ரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இன்றைய பெரும்பாலான கார்களில் வரிசை இதுதான். கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நான்கு அடுக்கும் சேர்ந்தாலும் தலைமுடி ஒன்றிரண்டின் தடிமனைத் தாண்டாது.

சரி, நிறமே இல்லாத கிளியர் கோட்டில் விழுந்த கோடு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? வழவழப்பான பரப்பில் படும் ஒளி ஒழுங்காக ஒரே திசையில் திரும்பும். கீறல் ஒரு குட்டிப் பள்ளம். அதன் கூரான ஓரங்களும் சரிவுகளும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. எல்லா நிற ஒளியும் ஒன்றாகச் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளை. பளிங்குபோன்ற கல் உப்பைப் பொடித்தால் வெள்ளையாவதும் இதனால்தான்.

எவ்வளவு சிதறும் என்பது ஒளிவிலகல் எண்களின், அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்களின், இடைவெளியைப் பொறுத்தது. காற்றுக்கு 1, கிளியர் கோட்டுக்கு ஏறக்குறைய 1.5. நடுவில் 1.33 கொண்ட தண்ணீர் வந்து பள்ளத்தை நிரப்பினால் இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே சரியாகத் தெரிவதில்லை. ஆகவே நனைத்ததும் மறையும் கீறல் கிளியர் கோட்டோடு நின்றது என்று பெரும்பாலும் நம்பலாம். நனைத்த பிறகும் தெரிந்தால், அல்லது நகம் வைத்து இழுக்கும்போது தடுக்கினால், அது ஆழமானது. அதற்குத் தேய்ப்பு வைத்தியம் கிடையாது. பெயின்ட் வைத்துத்தான் அடைக்க வேண்டும்.

மெல்லிய கீறலை எப்படிப் போக்குகிறோம்? பலரும் பாலிஷ் போய்க் கீறலை நிரப்புவதாக நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பள்ளத்தை மேலே தூக்க முடியாது என்பதால் சுற்றியுள்ள மேட்டைக் கீழே இறக்குகிறோம். முதலில் தேய்க்கும் பசையான காம்பவுண்டில் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள் இருக்கும். அவை கிளியர் கோட்டைச் சீவி எடுக்கின்றன. அதாவது ஒரு கீறலைப் போக்க ஆயிரக்கணக்கான புதுக் கீறல்களைப் போடுகிறோம்! அப்புறம் இன்னும் நுணுக்கமான பாலிஷ் போட்டு அவற்றையும் சிறிதாக்குகிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மிஞ்சும் கீறல்கள் அதைவிட மிகச் சிறியதாகிவிட்டால் ஒளி அவற்றைப் பொருட்படுத்தாமல் திரும்பிவிடும். நாம் பளபளப்பு என்று சொல்வது அதைத்தான்.

ஒவ்வொரு தேய்ப்பிலும் போகும் ஓரிரு மைக்ரான் மீண்டும் வளராது. கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களும் கலந்திருக்கின்றன. அது மெலிந்தால் வெயிலில் வெளிறி உரியத் தொடங்கும். அதனால் கீறலின் அடிவரை துரத்திக்கொண்டு போவது தவறு என்பேன். கூரான ஓரம் மழுங்கினாலே சிதறல் வெகுவாகக் குறைந்துவிடும். முக்கால்வாசி மறைந்ததும் கையை எடுத்துவிடுவது நல்லது. கதவின் மடிப்பு, விளிம்பு ஆகிய இடங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டில் குவிவதால் அங்கே பூச்சு சீக்கிரம் போய்விடும். பாலிஷ் இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தித் தேய்த்தால் சூட்டிலும் கெடும்.

மெழுகு வேறு வகை. அது உண்மையிலேயே பள்ளத்தை நிரப்பும். சீக்கிரம் காயாத தண்ணீர் மாதிரி. சில கழுவல்களில் போய்விடும். பாலிஷ் போட்டது கீறலை எடுத்ததா, மறைத்ததா என்று தெரிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பார்க்கலாம். எண்ணெயும் மெழுகும் போனபின் நிற்பதுதான் உண்மையான பரப்பு. பற்பசையிலும் தேய்க்கும் துகள் உண்டு, கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் அது பல் எனாமலுக்காகச் செய்தது. கிளியர் கோட் அதைவிட மிருது.

இரவில் விளக்கடியில் சிலந்தி வலைபோல வட்டவட்டமாகத் தெரியும் கோடுகளையும் சொல்ல வேண்டும். வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்பார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி வளைந்தாற்போல் கிடப்பவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. விளக்கு நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். இவற்றில் பெரும்பாலானவை உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்ததில் வந்தவை. தூசியிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 7, இரும்பையே கீறும்.

எதையும் சீவாமல் கீறலைப் போக்கும் வழியும் இருக்கிறது. 2005-ல் நிசான் நிறுவனம், மீள்தன்மை கொண்ட பிசின் கலந்த கிளியர் கோட்டை அறிவித்தது. அதில் விழும் மெல்லிய கீறல், அமுங்கிய ரப்பர் எழுவதுபோல மெல்ல மேலெழுந்து மூடிக்கொள்ளும். வெயில் பட்டால் இன்னும் வேகமாக மூடும். பிசின் அறுபடாமல் அமுங்கியிருக்கும் வரைதான் இது நடக்கும். சாவியால் இழுத்த கோடு அங்கேயும் அப்படியே நிற்கும்.