பழைய ரைஃபிளுக்குப் புதுப் பேரல்: காட்ரிட்ஜ் பெயரை முடிவு செய்யும் முன்

துப்பாக்கி சீர்செய்யும் என்னிடம், பேரல் (குழல்) தேய்ந்துபோன பழைய போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளோடு வருகிறவர்களில் பலர், புதுப் பேரலுக்கான காட்ரிட்ஜின் (தோட்டா வகையின்) பெயரையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். நடுத்தரப் போராக (குழலின் உள்விட்டமாக) இருக்க வேண்டும், ஆனால் எல்லோரிடமும் இருப்பதாக இருக்கக் கூடாது. இந்த ஆசையில் தப்பே இல்லை. வேகம், எடை, ஆற்றல் என்று அட்டவணையைப் புரட்டிப் பெயரை முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி ரைஃபிளை வளைக்கச் சொல்வதுதான் வம்பு. அதனால் நான் பெயரைக் காதில் போட்டுக்கொள்வதற்கு முன்பே போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளையை) கழற்றிவிடுவேன்.

போல்ட்டின் முனையில் இரண்டு லக்குகள் (பூட்டும் முனைப்புகள்) இருக்கும். சுடும்போது வருகிற உதையை வாங்குவது ரிசீவருக்குள் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பாகத்துக்குள்) அவை உட்காரும் இடம்தான். பழைய மவுசர் (ஜெர்மன் வடிவமைப்பு ரைஃபிள்) ரிசீவர்கள் பெரும்பாலும் மென்மையான எஃகில் செய்து, மேல்தோலை மட்டும் கெட்டிப்படுத்தியவை. அந்தத் தோல் மெல்லியதாக இருந்தாலோ, மழமழப்பாக ஓட வேண்டும் என்று முன்பு யாரோ அதைத் தேய்த்திருந்தாலோ, சுடும் ஒவ்வொரு முறையும் லக் பின்பக்கமாக அமுங்கி அங்கே குழி விழும். முனை வளைந்த ஊசியை உள்ளே விட்டு வருடினால் ஒரு படி தட்டும். கேஜை (தோட்டா வடிவிலான அளவுக்கட்டையை) போட்டுப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினால், ஒரு மேட்டை ஏறி இறங்குவது போலக் கைக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த ரிசீவருக்கு எந்தப் பேரலும் போடுவதில்லை. சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளில் ஊசியே தேவையில்லை, வரிசை எண்ணைப் படித்தால் போதும். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் செய்ததில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்டில் செய்ததில் 285,507-க்குக் கீழும் உள்ள ரிசீவர்களை யாரும் நம்பிச் சுடுவதில்லை. உலையில் சூடு மீறிப்போனதால் பலவற்றில் எஃகு நொறுங்கும் தன்மை கொண்டுவிட்டது. வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது.

ரிசீவர் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அது எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. .30-06, 8×57, 9.3×62 என்ற காட்ரிட்ஜுகள் எல்லாவற்றுக்கும் உறையின் (பித்தளைக் கூட்டின்) அடிப்பாகம் ஏறத்தாழ 12 மி.மீ. 390 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் போல்ட் முகத்தின்மேல் விழும் சுமை தோராயமாக நாலரை டன். உறை சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) சுவரைப் பிடித்துக்கொள்வதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். அடி 13.5 மி.மீ. உள்ள மேக்னம் (கூடுதல் ஆற்றல் கொண்ட) உறையை 430 மெகாபாஸ்கலில் போட்டால் அதே கணக்கு ஆறு டன்னைத் தாண்டுகிறது. பேரல்தான் புதுசு, சுமையைத் தாங்குவது நூறு வருஷத்துப் பழைய எஃகு. மேக்னம் உறைக்காகப் போல்ட் முகத்தை அகலப்படுத்திக் கடைந்து தரச் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். சிலருக்கு முகம் வாடிவிடும்.

எல்லா மவுசரும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1898 மாடலில் மூன்றாவதாக ஒரு பாதுகாப்பு லக் உண்டு. உறை கிழிந்தால் வாயு வெளியேற போல்ட்டில் பெரிய துளைகள் உண்டு, பின்னால் கண்ணைக் காக்கும் அகன்ற தகடும் உண்டு. 1896 சுவீடன் மாடலில் இந்த ஏற்பாடு இல்லை. நல்ல எஃகு, அருமையான வேலைப்பாடு. இருந்தாலும் அதற்கு அடக்கமான அழுத்தம் போதும்.

இப்போது பெயருக்கு வருவோம். காட்ரிட்ஜின் பெயர் அபூர்வமாக இருக்கட்டும். உறையும் குண்டும் அபூர்வமாக இருக்கக் கூடாது. .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று ஒரு பழைய காட்ரிட்ஜ் உண்டு. பெயரில் .318 இருந்தாலும் அதன் குண்டு .330 அங்குலம். அந்த விட்டத்தில் வேறெதுவும் கிட்டத்தட்ட இல்லாததால் குண்டு தேடியே ஆயுள் போய்விடும். அதே வேலையைச் செய்யும் .338-06 வெறுமனே கழுத்து அகட்டிய .30-06 உறைதான். குண்டும் எங்கும் புழங்கும் .338 விட்டம். .35 வீலனும் அப்படியே: 1922-இல் .30-06 உறையை .358-க்கு அகட்டிச் செய்தது. அறுபது வருஷத்துக்கும் மேல் கன்ஸ்மித்துகளின் (துப்பாக்கி வினைஞர்களின்) தனிச்சரக்காகவே இருந்து, 1980-களின் கடைசியில்தான் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது.

98 மவுசர் என்றால் என் மனம் 9.3×62 பக்கம்தான் சாயும். பெர்லின் கன்ஸ்மித் ஓட்டோ போக் 1905 வாக்கில் அதை வடிவமைத்ததே இந்த ஆக்‌ஷனை மனதில் வைத்துத்தான். அதிகபட்ச நீளம் 83.6 மி.மீ. என்பதால் 84 மி.மீ. அளவிலான ராணுவ மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) அரம் படாமலே உட்கார்ந்துவிடும். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நீளமான காட்ரிட்ஜுக்காக மேகசினின் முன்பக்கச் சரிவைத் தேய்க்கிறவர்கள், கீழ் லக்குக்கு முட்டுக் கொடுக்கும் எஃகைத்தான் தேய்க்கிறார்கள். மேலே நாலரை டன் என்று சொன்னதில் பாதி அங்கேதான் விழுகிறது. இன்னொன்று, 9.3×62 உறையின் அடிப்பக்கம் .30-06-ஐ விடச் சற்றுப் பருமன். .30-06 உறையை அகட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சுட்ட உறையைப் பார்த்தால் அடியில் வீக்கம் தெரியும். உரிய உறையையே வாங்கிவிடுவது நல்லது.

ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட் முகத்துக்கும் சேம்பரில் உறையின் தோள் முட்டும் இடத்துக்கும் உள்ள தூரம்) பற்றிப் பயம் காட்டும் கதைகள் நிறைய. கழுத்தை அகட்ட அகட்ட உறையின் தோள் (கழுத்துக்குக் கீழ் அகலும் சரிவு) குறுகிக்கொண்டே போகும், போல்ட் அடைக்கும்போது உறையைத் தடுத்து நிறுத்த இடம் மிஞ்சாது. .400 வீலனைப் பற்றித்தான் இந்தப் புகார் அதிகம். .35-இல் தோள் போதும். சேம்பரைச் சரியாக வெட்டி, கோ கேஜில் (குறைந்தபட்ச அளவு) போல்ட் மூடி, நோ-கோ கேஜில் (அதைவிடச் சற்று நீளமானது) மூட மறுத்தால் கவலை வேண்டாம். இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு தாள் கனம்தான். பழைய போல்ட்டுக்குப் பதில் வேறு போல்ட் போட்டாலும் மறுபடி கேஜ் பார்க்க வேண்டும்.

ரைஃப்ளிங் முறுக்கை (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் திருகலை) பேரல் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. .35 வீலனுக்கு ரெமிங்டன் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. 250 கிரெயின் (சுமார் 16 கிராம்) குண்டும் அதற்கு மேலும் போடுகிறவர்கள் 14 அல்லது 12 கேட்டு வாங்குவது உத்தமம்.

பேரலை ரிசீவரில் திருகும் மரையையும் அளந்தே ஆக வேண்டும். பெரிய வளைய (ரிசீவரின் முன்வளையம் பெரிதான) மவுசர் என்றால் 1.100 அங்குல மரை என்பது வழக்கம். ஆனால் துருக்கிக்காரர்களின் 98-களில் வெளிவளையம் பெரிதாகவும் உள்மரை சிறிய வளையத்துக்கு உரியதாகவும் இருப்பவை உண்டு. பழைய பேரலைக் கழற்றாமல் புதியதற்குப் பணம் கட்டாதீர்கள்.

போர் மாறினால் உரிமத்தில் உள்ள விவரமும் மாறும். வேலை தொடங்கும் முன்பே உங்கள் நாட்டுச் சட்டப்படி அனுமதி வாங்கிவிடுங்கள். சி.ஐ.பி. (சர்வதேசத் துப்பாக்கிச் சோதனை அமைப்பு) உறுப்பு நாடுகளில் பேரல் மாற்றிய ரைஃபிள் மறுபடியும் சோதனைக்கூடம் போய், வழக்கத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவைத் தாங்கி முத்திரை வாங்க வேண்டும். கட்டாயம் இல்லாத நாடுகளிலும் அந்தச் செலவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசி வேலை, பெயர் பொறிப்பது. சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். .35 வீலன் சேம்பருக்குள் .30-06 தோட்டா தாராளமாகப் போகும், வெடிக்கவும் செய்யும். 7.8 மி.மீ. குண்டு 9 மி.மீ. குழாயில் தள்ளாடிக்கொண்டு போகும், உறையின் கழுத்து பிளக்கும். ரிசீவரில் பழைய .30-06 என்ற எழுத்து அப்படியே இருந்து, பேரல் மொட்டையாக இருந்தால், அந்த ரைஃபிளை அடுத்து வாங்குகிறவர் எதை நம்புவார்? அதனால் பழைய போர் பெயர் இருந்தால் அதன் குறுக்கே தெளிவாகக் கோடு வெட்டிவிட்டு, புதுப் பேரலில் காட்ரிட்ஜின் முழுப் பெயரையும் ஆழமாகப் பொறித்த பிறகுதான் ரைஃபிளைக் கையில் கொடுப்பேன்.