சயனைடு மேட்டின் தூசு எங்கே படிகிறது?

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தட்டை எடுத்து, மறுபடியும் ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் அந்த வீட்டு அம்மா சோறு போட்டார். ஆடிக் காற்று வீசும் நாட்களில் கதவைச் சாத்தி வைத்தாலும் பயனில்லையாம். எதிரே நிற்கும் சயனைடு மேட்டிலிருந்து மாவு போன்ற தூசு வந்து படிந்துவிடும். துணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. "இது விஷம்தானே, தம்பி?" என்று கேட்டார்.

கைவிடப்பட்ட சுரங்க நிலங்களின் மண்ணை ஆய்வு செய்வது என் தொழில். அப்படியிருந்தும் இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

1880களில் தொடங்கிய தங்கவயல் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை போனது. தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்தான் அதில் பெருமளவு இறங்கி உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சக்கைதான் இந்த மேடுகள். 13 மேடுகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கிடக்கிறது.

பெயரே சயனைடு மேடு என்பதால் எல்லோருக்கும் சயனைடின் மீதுதான் பயம். மேற்பரப்பில் இருக்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் பெருமளவு சிதைந்துவிடும். மேட்டின் உள்ளே உலோகங்களோடு பிணைந்து கிடப்பது நீண்ட காலம் தங்கக்கூடும். அதை அளந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே தங்கம் கிடைத்தது வெண்கல் (குவார்ட்ஸ்) பாறையில். அதை அரைத்த தூள் சிலிக்கா. அது எந்த வெயிலிலும் சிதையாது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாக்கும். அந்தச் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. தழும்பேறிய நுரையீரலைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் நோய் என்றே இதை அறிந்திருக்கிறோம். சுரங்கத்தையே பார்க்காத பேரப்பிள்ளையின் மூச்சில் எவ்வளவு போகிறது என்பதையும் அளக்க வேண்டாமா?

எங்கே அளப்பது என்பதில்தான் ஆய்வுகள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. வேறொரு சுரங்க ஊரில் ஓர் அறிக்கையைப் படித்தேன். நிலத்தின் நான்கு மூலையிலும் ஓரடி ஆழம் தோண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சோதித்து, மாசு அனுமதித்த அளவுக்குள் இருப்பதாக முடித்திருந்தார்கள். மண்ணில் விளையாடும் குழந்தையின் கையில் ஒட்டுவது மேலே இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் மண். அதைத் தனியாக எடுக்க வேண்டும். கீரைப் பாத்தியில் வேர் போகும் ஆழத்தில் எடுக்க வேண்டும், கீரையையும் சோதிக்க வேண்டும். கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். மேட்டின் தூசுக் காற்று வராத பக்கத்து மண்ணும் ஒப்பிடுவதற்கு வேண்டும். சயனைடு முறை வருவதற்கு முன்பு பாதரசத்தைக் கொண்டுதான் தங்கம் பிடித்தார்கள். அப்படிப் பாறையை அரைத்த பழைய மில் நின்ற இடத்திலும் மண் எடுக்க வேண்டும். அந்த இடம் வரைபடத்தில் இல்லாமல் போகலாம். அங்கே வேலை பார்த்த குடும்பத்துப் பெரியவரைக் கேட்டால் கைத்தடியால் சுட்டிக் காட்டிவிடுவார். அவரோடு நடக்காமல் நான் ஒரு பிடி மண்ணும் எடுப்பதில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சே வர வேண்டும். அடியில் நீர் நிறைந்த சுரங்கங்கள் இருக்கும் இடத்தில் வீட்டுமனை போடுவது ஆபத்து. மேட்டுச் சரிவில் மழை வெட்டிய ஓடைகளை முதலில் தடுத்து, நல்ல மண் பரப்பி, புல்லைப் பிடிக்க வைத்து, பிறகு புங்கமும் வேம்பும் நடலாம். பழமரம் கூடாது.

ஆனால் மேடுகள் அப்படியே இருக்கப் போவதில்லை. மிச்சத் தங்கத்துக்காக அவற்றை மறுபடி தோண்ட 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. விடிவதற்கு முன் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஊர் இது. உள்ளூரில் வேலை வருவதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் முதல் பொக்லைன் இறங்குவதற்கு முன்பே வீடுகளின் தூசையும் மக்களின் நுரையீரலையும் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிறகு யாருக்கு என்ன வந்தாலும் நிரூபிக்க முடியாது. 2025-ல் வந்த மாசுபட்ட நில மேலாண்மை விதிகள் சுரங்கப் பணிகளின் மாசைப் பொதுவாக விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே தோண்டும்போது ஈரப்படுத்துவது, லாரிகளை மூடுவது, காற்றுக் காலத்தில் வேலையை நிறுத்துவது, புதிய சக்கையை எங்கே கொட்டுவது என எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் துணியைக் கேட்டு வாங்கி, உறையில் போட்டு, தேதியோடு 'சமையலறை, மேற்குச் சன்னல்' என்று எழுதினேன். மறுநாள் போனபோது, அதே லைனில் இன்னும் ஐந்து வீட்டார் துடைத்த துணிகளை மடித்து வைத்திருந்தார்கள்.