ஃபெட்டிஷ்: செய்வினையில் தொடங்கி திகில் படத்தில் வந்து நின்ற சொல்

உளவியல் திகில் படங்களில் ஒரு வகை உண்டு. பேய் வராது, ரத்தம்கூட அதிகம் இருக்காது. ஒரு மனிதனின் ஆசை எதில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொண்டே போகும். பார்த்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "பாதியிலேயே நிறுத்திட்டேன்", "குமட்டிக்கொண்டு வந்தது", "இதை எடுத்தவனுக்கு முதலில் வைத்தியம் பார்க்கணும்." அந்தப் பேச்சில் எப்படியும் ஒரு சொல் வந்துவிடும்: ஃபெட்டிஷ்.

பெரும்பாலும் அது 'வக்கிரம்' என்ற பொருளில்தான் வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வக்கிரம் வடமொழியிலிருந்து வந்த சொல். வளைவு, கோணல் என்று பொருள். ஒரு கோள் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிந்தால் சோதிடர்கள் வக்கிரகதி என்பார்கள். ஓர் ஆசையை வக்கிரம் என்று சொன்னால், அது கோணல் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஃபெட்டிஷ் அப்படித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆசை எந்த வகையைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்கிறது.

மருத்துவ வழக்கில் அதன் பொருள் குறுகலானது. காமக் கிளர்ச்சி ஓர் ஆளின் மேல் செல்லாமல் ஓர் உயிரற்ற பொருளின் மேலோ, பாலுறுப்பு அல்லாத ஓர் உடற்பகுதியின் மேலோ குவிந்து நிற்பதுதான் அது. செருப்பு, கையுறை, தோலாடை, ரப்பர், பாதம், கூந்தல் என்று எதுவாகவும் இருக்கலாம். வலி கொடுத்து மகிழ்வது, ஒளிந்து பார்த்து மகிழ்வது, பிணத்தின் மேல் ஆசைப்படுவது எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லுக்குள் திணிப்பது பேச்சுவழக்கு. அவை தனித்தனி வகைகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பாராஃபீலியா.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பில் காமமே இல்லை.

15-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் தங்கம் தேடி இறங்கினார்கள். 1482-இல் இன்றைய கானாவிலுள்ள எல்மினாவில் கோட்டையும் கட்டிவிட்டார்கள். அந்த ஊர் மக்கள் கழுத்திலும் கையிலும் கட்டியிருந்த முடிச்சுகள், வாசலில் வைத்திருந்த உருவங்கள், சத்தியம் செய்யும்போது தொட்ட பொருள்கள் ஆகியவற்றுக்கெல்லாம் அவர்கள் தங்கள் ஊர்ச் சொல்லையே பெயராக வைத்தார்கள். அந்தச் சொல் 'ஃபெய்டிசோ'. சூனியம், மந்திரித்த பொருள், மந்திரக்கட்டு என்று அதற்குப் பொருள். அதற்கும் மூலம் இலத்தீனில் 'செய்யப்பட்டது' என்று பொருள்படும் 'ஃபக்டிகியுஸ்'. இயற்கையாக இல்லாமல் கையால் செய்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பொறி தட்ட வேண்டும். நம்மிடமும் சூனியத்துக்கு இன்னொரு பெயர் செய்வினைதான். "அவனுக்கு யாரோ செஞ்சு வச்சுட்டாங்க" என்றால் எதைச் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. (இலக்கண வகுப்பில் வரும் செய்வினையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதவர் இருக்க முடியாது.) 'செய்' என்ற எளிய வினையிலிருந்தே இலத்தீன் வழியிலும் தமிழ் வழியிலும் சூனியத்துக்குப் பெயர் பிறந்திருக்கிறது. இதே போர்த்துகீசியர்கள் நம் கடற்கரைக்கும் வந்து சாவி, ஜன்னல், அலமாரி என்று நிறைய சொற்களைக் கொடுத்தார்கள். ஃபெய்டிசோவைக் கொடுக்கவில்லை. நமக்கு அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

ஆப்பிரிக்கக் கரையின் வணிக மொழியில் 'ஃபெட்டிசோ' என்று திரிந்த சொல்லை, டச்சு வணிகர் வில்லெம் போஸ்மன் 1704-இல் வெளியான தம் கினியா நூலில் நிறையப் பயன்படுத்தினார். ஐரோப்பா முழுக்க அது பரவியது. 1760-இல் பிரெஞ்சுக்காரரான ஷார்ல் த பிரோஸ், பொருள்களையே தெய்வமாக வணங்குவதற்கு 'ஃபெட்டிஷிஸம்' என்று பெயர் சூட்டினார். மதத்தின் முதல் படி இது, அறியாமைக் காலத்தின் வழிபாடு என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டது. இழிவு கலந்த பார்வை அது. கொங்கோ மக்கள் ஒப்பந்தத்துக்கும் சத்தியத்துக்கும் ஆணி அடித்து வைக்கும் மர உருவங்களை ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் 'ஆணி ஃபெட்டிஷ்' என்று எழுதி வைத்திருந்தன. இப்போது அந்த மக்களின் சொல்லான 'ங்கிசி'யையே எழுதுகிறார்கள்.

த பிரோஸின் நூலை 1842-இல் குறிப்பெடுத்துப் படித்தவர்களில் ஒருவர் கார்ல் மார்க்ஸ். 1867-இல் வந்த தம் 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே அவர் அந்தச் சொல்லை ஐரோப்பியர்கள் பக்கமே திருப்பிவிட்டார். மனிதர் உழைத்துச் செய்த பண்டம், தனக்கே சொந்தமாக மதிப்பு இருப்பதுபோல் சந்தையில் நடமாடுகிறது. ஆப்பிரிக்கரைப் பார்த்துச் சிரித்தவர்கள் தாமும் அதையேதான் செய்கிறார்கள் என்பது அவருடைய குத்தல்.

காமம் இதற்குள் வந்தது 1887-இல். பின்னாளில் அறிவுத்திறன் சோதனையால் பெயர் பெற்ற பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃப்ரெட் பினே, காதலில் ஃபெட்டிஷிஸம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அதில் அவர் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு தத்துவஞானி தெகார்த். சிறுவயதில் மாறுகண் உள்ள ஒரு சிறுமி மேல் அவருக்குப் பிரியம் இருந்ததாம். அதனால் வளர்ந்த பிறகும் மாறுகண் உள்ளவர்களைப் பார்த்தால் மனம் சாய்ந்ததாம். பினே சொல்ல வந்ததும் இதுதான். எப்போதோ ஒட்டிய ஒரு தொடர்பு கழலாமல் நின்றுவிடுகிறது. எல்லாக் காதலிலும் இதில் கொஞ்சம் இருக்கிறது, மிகும்போதுதான் நோய் என்கிறோம் என்றும் அவர் கருதினார். வியன்னாவில் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் தம் பாலுளவியல் நூலின் பிந்தைய பதிப்புகளில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். 1927-இல் ஃப்ராய்ட் தனிக் கட்டுரையே எழுதினார். ஃபெட்டிஷ் என்பது ஒரு பதிலி, அச்சம் தரும் ஒன்றைப் பார்க்காமல் இருக்க மனம் முன்னே நிறுத்திக்கொள்ளும் பொருள் என்பது அவர் விளக்கம். அந்த அச்சம் எது என்று அவர் சொன்னதை இன்று பலரும் ஏற்பதில்லை. ஆனால் 'பதிலி' என்ற எண்ணம் திரைப்படக்காரர்களுக்கு நன்றாகவே உதவியது.

அதற்கு 1960-இல் லண்டனில் வெளியான 'பீப்பிங் டாம்' படத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இயக்கியவர் மைக்கேல் பவல், அன்றைக்கு பிரிட்டனின் மதிப்புமிக்க இயக்குநர்களில் ஒருவர். எழுதியவர் லியோ மார்க்ஸ், இரண்டாம் உலகப்போரில் ரகசியக் குறியீட்டு வேலை பார்த்தவர். படத்தின் நாயகன் மார்க் ஸ்டூடியோவில் கேமரா உதவியாளன். பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பயத்தைப் படம் பிடிக்கிறான். கேமரா ஸ்டாண்டின் ஒரு கால்தான் கத்தி. சாகப்போகிறவள் தன் பயத்தைத் தானே பார்க்கும்படி ஒரு கண்ணாடியும் பொருத்தியிருக்கிறான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விஞ்ஞானியான அப்பா அவனைப் பயமுறுத்திப் பயமுறுத்திப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்தவர்.

இதில் ஃபெட்டிஷ் எது? பலரும் ஒளிந்து பார்ப்பதுதான் என்பார்கள். படத்தில் வரும் மனநல மருத்துவரே அதற்கு ஒரு கிரேக்கப் பெயர் சொல்கிறார். அது பார்வைக் காமம், வேறு வகை. சரியான ஃபெட்டிஷ் அந்தக் கேமரா. ஹெலன் என்ற பெண் சாப்பிடப் போகும்போது கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறாள், அவன் தவித்துப்போகிறான். விடைபெறும்போது அவள் முத்தமிடுகிறாள். அவள் போனதும் அவன் கேமரா லென்ஸைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோகிறான். பினேயும் ஃப்ராய்டும் பக்கம் பக்கமாக எழுதியதை அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன. ஆளுக்குப் போக வேண்டிய முத்தம் பொருளுக்குப் போகிறது.

விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். 'ட்ரிப்யூன்' இதழில் எழுதிய டெரெக் ஹில், இந்தப் படத்தை அள்ளிக்கொண்டு போய் பக்கத்துச் சாக்கடையில் தள்ளிவிடுவதுதான் சரி என்ற அளவுக்குப் போனார். படம் சீக்கிரமே திரையரங்குகளை விட்டுப் போனது. பவலின் தொழிலும் பிரிட்டனில் சரிந்தது. பிறகு அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி போன்றவர்களின் முயற்சியில் 1979-இல் நியூயார்க் திரைப்பட விழாவில் மறுபடி திரையிட்டபோது, அதே படத்தை மேதைமை என்றார்கள்.

ரத்தம் மிகக் குறைவாக வரும் ஒரு படத்துக்கு ஏன் அத்தனை அருவருப்பு? என் கணிப்பு இது. முதல் கொலையை நாம் அவன் கேமராவின் கண் வழியாகவே பார்க்கிறோம். அவனுடைய ஃபெட்டிஷ் நம் கையில் இருக்கிறது, நாமும் டிக்கெட் எடுத்துப் பார்க்க வந்தவர்கள்தான். அவனை வக்கிரம் என்று திட்டினால் அந்தத் திட்டு கொஞ்சம் நம் மேலும் விழுகிறது. போதாததற்கு, அந்தக் கொடுமைக்கார அப்பாவாக நடித்தது பவலே. சின்ன வயது மார்க்காக நடித்தது அவர் மகன். "எடுத்தவனுக்கு வைத்தியம் பார்க்கணும்" என்ற வாசகத்துக்கு இதைவிடத் தோதான படம் கிடைக்காது.

1996-இல் டேவிட் குரோனன்பர்கின் 'கிராஷ்' வந்தபோதும் இதே கதைதான். கார் விபத்திலும் தழும்பிலும் காமம் காண்பவர்களைப் பற்றிய படம். கான் விழாவில் சிறப்பு நடுவர் பரிசு கிடைத்தது. லண்டனிலோ சில நாளிதழ்கள் தடை கேட்டன, வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி தன் எல்லைக்குள் தடையே போட்டது. தணிக்கை வாரியம் ஒரு வழக்கறிஞரையும் ஓர் உளவியலாளரையும் கேட்டது, உடற்குறை உள்ளவர்கள் சிலருக்கும் படத்தைப் போட்டுக் காட்டியது. பிறகு 1997-இல் ஒரு வெட்டும் இல்லாமல் வயதுவந்தோருக்கான சான்றிதழ் கொடுத்தது.

இந்தப் படங்களால் சொல்லுக்கு ஒரு கெடுதலும் நேர்ந்தது. ஃபெட்டிஷ் உள்ளவன் என்றால் கொலைகாரன் என்ற சித்திரம் மனதில் பதிந்துவிட்டது. மருத்துவம் வேறு திசையில் போயிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, வழக்கத்துக்கு மாறான ஆசையையும் மனநலக் கோளாறையும் பிரிக்கிறது. ஆசை இருப்பதே நோயல்ல. அதனால் அவருக்கே கடும் மனத்துன்பம் வந்தாலோ, வாழ்க்கை முடங்கினாலோ, பிறருக்குத் தீங்கு நேர்ந்தாலோதான் கோளாறு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஃபெட்டிஷிஸம் தனி நோயாக இடம்பெறவே இல்லை. மார்க் குற்றவாளி ஆவது கேமராவை முத்தமிட்டதால் இல்லை, கொன்றதால்.

இனி தமிழில் என்ன சொல்வது என்பதற்கு வருவோம்.

'மோகம்' என்று எழுதுகிறார்கள். தங்க மோகம், வெளிநாட்டு மோகம், சினிமா மோகம் என்று அது ஏற்கெனவே பல வேலை பார்த்து நீர்த்துப்போன சொல். 'பித்து'வும் அப்படியே. 'பொருட்காமம்' சொல்லுக்குச் சொல் சரியாகத் தெரிந்தாலும், தமிழில் பொருள் என்றால் செல்வமும்தான். 'பொருட்பெண்டிர்' என்று குறள் சொல்வது காசுக்காகக் கூடுபவர்களை. (அந்தக் கூடல் இருட்டறையில் முன்பின் தெரியாத பிணத்தைத் தழுவியது போன்றது என்கிறார் வள்ளுவர். இரண்டு அடிக்குள் ஒரு திகில் காட்சி.) பொருட்காமம் என்றால் பணத்தாசை என்றே பாதிப் பேர் படிப்பார்கள்.

பெருந்திணையைக் கொண்டுவரலாமா என்று சிலருக்குத் தோன்றும். தொல்காப்பியம் அதற்கு நான்கு சொல்கிறது: மடலேறுதல், இளமை தீர்ந்த நிலை, தெளிவிழந்த காமத்தின் மிகுதி, மிகுந்த காமத்தால் வரம்பு மீறல். பொருந்தாக் காமம் என்று உரைகாரர்கள் அதை விளக்குவதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அங்கே பொருந்தாமை இரண்டு மனிதர்களுக்கு இடையில். பொருளுக்கு அங்கே வேலை இல்லை. பாராஃபீலியா என்ற பெருங்கூட்டத்துக்குக்கூட அது சரியாக வராது.

எனக்குப் பிடித்தது 'பற்று' என்ற வேர். ஒட்டிக்கொள்வது, விடாமல் பிடிப்பது, தீப்பிடிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன; பற்றுக்கோடு என்றால் விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்வது. பினே சொன்ன கழலாத தொடர்பும் ஃப்ராய்ட் சொன்ன பதிலியும் இதற்குள் அடங்குகின்றன. ஆசை ஒட்டிய பொருளைப் பற்றுப்பொருள் என்றும், அந்த நிலையைப் பற்றுக்காமம் என்றும் சொல்லலாம். துன்பமாக முற்றினால் பற்றுக்காமக் கோளாறு. 'கேமராதான் மார்க்கின் பற்றுப்பொருள்' என்று எழுதினால் விளக்கம் இல்லாமலே புரிகிறது. மதம் பற்றி எழுதும்போது இது உதவாது. அங்கே மந்திரப்பொருள் என்றோ, அந்தந்த மக்களின் சொல்லையோ எழுத வேண்டும். மார்க்ஸைப் பற்றி எழுதும்போது பண்டமாயை பொருந்துகிறது. ஒரே மூலச்சொல் என்பதற்காக மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடினால் மூன்றும் கெடும்.

பேச்சில் ஃபெட்டிஷ் என்றே சொல்லிவிட்டுப் போனாலும் ஒன்றும் குடிமுழுகாது. போர்த்துகீசியர்களே இன்று சூனியத்துக்கு ஃபெய்டிசோ என்றும், காமப் பொருளுக்கு 'ஃபெட்டிஷே' என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது, தாங்கள் கொடுத்த சொல்லையே பிரெஞ்சிலிருந்து திரும்பக் கடன் வாங்கியது.